1927-ல் வந்த 'சன்ரைஸ்': இது பட்டணத்தைத் திட்டுகிற படம்தானா?

பாம்பன்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருப்பார், பகலில் வலையை விரித்துப் போட்டுப் பின்னிக்கொண்டிருப்பார், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்து எதையாவது பார்ப்போம். போன வாரம் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த 'சன்ரைஸ்' பார்த்தோம். ஊமைப்படம் என்பதால் என் அத்தையும் கூட உட்கார்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, முப்பது வருஷமாகக் கடல்பாசி எடுக்கப் போகிறவர். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் நான் தமிழில் சொன்னேன், அதுவும் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அவராகவே புரிந்துகொண்டார்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏரிக்கரையில் ஒரு ஊர், அங்கே ஒரு புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை. விடுமுறைக்கு வந்த பட்டணத்துப் பெண் ஒருத்தி ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி அவனை வளைத்துவிடுகிறாள். நிலத்தை விற்றுவிட்டு என்னோடு பட்டணம் வா என்கிறாள், பெண்டாட்டியை என்ன செய்வது என்று அவன் கேட்டால், தண்ணீரில் மூழ்கிவிட்டாள் என்று சொல்லிவிடலாமே என்கிறாள். படகைக் கவிழ்த்துவிட்டு அவன் மட்டும் மிதந்து வர ஒரு கோரைக்கட்டும் தயார் செய்து கொடுக்கிறாள். மறுநாள் பெண்டாட்டியைப் படகில் கூட்டிக்கொண்டு போகிறான். பாவம், அந்தப் பெண் எவ்வளவு சந்தோஷமாக உடுத்திக்கொண்டு கிளம்புகிறாள்! நடுத்தண்ணீரில் எழுந்து நிற்கிறான்.

அந்த இடத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலை கையில் இல்லை, துடுப்பையும் உள்ளே போட்டுட்டான். வேலை இல்லாம நடுத்தண்ணியில எழுந்து நிக்கிற ஆம்பளை நல்லதுக்கு நிக்கலை" என்றார். எந்த எழுத்து அட்டையும் அப்போது வரவில்லை.

அவனால் முடியவில்லை, முகத்தை மூடிக்கொள்கிறான், வெறிபிடித்தவன் மாதிரி கரைக்கு வலிக்கிறான். அவள் காட்டுக்குள் ஓடி ஒரு டிராமில் ஏறுகிறாள், அவனும் தாவி ஏறுகிறான், டிராம் போய் நிற்பது பட்டணத்தில். அங்கேதான் இரண்டு பேரும் மறுபடி சேர்கிறார்கள். ராத்திரி வீடு திரும்பும்போது புயலில் படகு கவிழ்கிறது, முடிவை நான் சொல்லவில்லை, கீழே யாராவது சொல்லத்தான் போகிறீர்கள்.

இப்போது என் கேள்வி. இணையத்தில் தேடினால் 'கிராமத்துத் தூய்மை, நகரத்துச் சீரழிவு' என்றே இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவே இல்லை. கொலைத்திட்டம் போடப்பட்டது ஊரில், கோரை வெட்டியது ஊர்ச் சதுப்பில், படகும் ஊர்ப்படகு. மன்னிப்புக் கேட்டதும் அழுததும், முன்பின் தெரியாத யாரோ ஒரு ஜோடியின் கல்யாணத்தில் சர்ச் பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி புருஷன் பெண்டாட்டி ஆனதும் பட்டணத்தில். சர்ச்சை விட்டு வெளியே வந்து கார்களும் டிராமும் ஓடுகிற தெருவுக்குள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், சுற்றியிருந்த தெரு கரைந்து புல்வெளி ஆகிவிடுகிறது, அங்கே நின்று முத்தம் கொடுக்கிறார்கள், கண் திறந்தால் நடுத்தெருவில் நிற்கிறார்கள், எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிறது.

இதைப் பார்த்தபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? போன வருஷம் நாத்தனார் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க மதுரை போயிருந்தோம். விளக்குத்தூண் பக்கம் கூட்டம் தாங்கவில்லை, ரோட்டைக் கடக்கும்போது வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். கடந்த பிறகும் விடவில்லை. கடை கடையாக ஏறி இறங்கும்போது பிடித்தபடியேதான் வந்தார், ஜிகர்தண்டா கடையில் இரண்டு டம்ளர் வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகி பதினோரு வருஷம், அதுவரை பொது இடத்தில் அவர் கை என் மேல் பட்டதில்லை. சாயங்காலம் பாம்பனில் இறங்கியதும் பழையபடி பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. ஊரில் எத்தனை கண்! பட்டணத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாது, அதனால் எங்களுக்கு நாங்கள் கிடைத்தோம். இந்தப் படமும் அதைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் தப்பாகப் பார்க்கிறேனா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதே மாதிரி நம் படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

---

வடகடல்:

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அன்று ராத்திரியே படத்தைப் பார்த்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர், நாற்பது வருஷம் வல்லத்தில் (நாட்டுப்படகில்) போனவன், சினிமாவைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் தெரியாது, படகைப் பற்றிப் பேசுகிறேன்.

உங்கள் அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதோடு அந்த நாயையும் பாருங்கள். படகு கிளம்பும்போது நாய் குரைக்கிறது, சங்கிலியை அறுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்து நீந்தி வந்து ஏறிக்கொள்கிறது, அவன் திரும்பிப் போய் நாயைக் கரையில் கட்டிவிட்டு வருகிறான். அந்த இடைவெளியில் அவள் படகில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு போய் முகத்தில் ஒரு சந்தேகம் வருகிறது. இறங்கிவிடலாமா என்று நினைக்கிறாள், இறங்கவில்லை. புருஷன் கூப்பிட்ட பயணம், எப்படி இறங்குவாள்? எனக்கு அந்த இடம்தான் நெஞ்சை அடைத்தது, அவன் எழுந்து நின்ற இடத்தைவிட.

ஆனால் பட்டணம்தான் சேர்த்துவைத்தது என்று நீங்கள் சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். முடிவை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். புயல் அடிக்கும்போது, கொல்வதற்காகக் கட்டிய அதே கோரைக்கட்டை அவன் பெண்டாட்டி உடம்பில் கட்டுகிறான். படகு போய்விடுகிறது. அவன் கரை ஏறுகிறான், அவளைக் காணோம். அப்போது ஊர் முழுக்க விளக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறது. கட்டிலிருந்து பிரிந்த கோரை ஒவ்வொன்றாக மிதந்து வருகிறது, அவ்வளவுதான் என்று எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு கிழவருக்கு மட்டும் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரியும். அவர் முனையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்க்கிறார், மிச்சமிருந்த நாலு கோரையைப் பிடித்தபடி அவள் கிடக்கிறாள்.

எங்கள் பக்கம் இதை நீவாடு என்போம். வாநீவாடா சோநீவாடா, அதாவது ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தேடப் போனால் ஒன்றும் கிடைக்காது. இது புத்தகத்தில் இல்லை. தகப்பன் சொல்லி மகன் கேட்டு, தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துப் பழகுவது.

என் அப்பா தனுஷ்கோடியில் தொழில் செய்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அவர் மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததால் பிழைத்தார், அவருடைய தம்பி அங்கே இருந்தார். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் எடுத்துக்கொண்ட ராத்திரி அது. தண்ணீர் வடிந்ததும் அப்பாவும் இன்னும் சிலரும் அரிக்கேன் விளக்கோடு கரையோரமாக நடந்தார்கள், பகலில் இல்லை, ராத்திரியும் நடந்தார்கள். "தண்ணி கொண்டுபோனதை எங்க கொண்டுவந்து போடும்னு எனக்குத் தெரியும்டா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பா கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கிழவர் முனையைச் சுற்றிப் போகும்போது நான் படத்தை நிறுத்திவிட்டேன், கொஞ்சநேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க முடிந்தது.

கை பிடிக்கப் பட்டணம் போகலாம் தங்கச்சி, மறுக்கவில்லை. நீருக்குள் போனால் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், உங்களைப் பத்தடி பின்னால் நடக்கவைக்கிற அதே ஊர்க்காரர்கள்தான்.

---

கீழக்கரை ரசிகன்:

ராத்தா, நல்ல கேள்வி (எங்கள் ஊரில் அக்காவை ராத்தா, அண்ணனைக் காக்கா என்போம்). வடகடல் காக்கா எழுதியதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் சும்மா இருந்தேன். எனக்குத் தெரிந்த விஷயங்களைச் சொல்கிறேன், உங்கள் சந்தேகத்துக்கு நேராகப் பதில் சொல்கிற ஒன்றும் அதில் இருக்கிறது.

இந்தப் படத்தின் மூலக்கதை ஹெர்மன் சூடர்மன் என்ற ஜெர்மன் எழுத்தாளருடையது, 'டில்சிட்டுக்குப் பயணம்' என்று பெயர், 1917-ல் வந்த அவருடைய 'லிதுவேனியக் கதைகள்' தொகுப்பில் இருக்கிறது. கதை நடக்கும் இடம் பால்டிக் கடலை ஒட்டிய கூரோனியக் காயல், அதன் கரையில் ஒரு மீனவ ஊர். ஆக அது முதலில் நம் ஆட்களின் கதைதான். முக்கியமான விஷயம், அந்தக் கதையில் பட்டணத்துப் பெண்ணே கிடையாது! புருஷனைக் கெடுப்பவள் அவர்கள் வீட்டிலேயே வேலை செய்யும் பெண். முடிவும் வேறு. திரும்பி வரும்போது படகு கவிழ்ந்து புருஷன் செத்துப்போகிறான், அவன் தனக்காக வைத்திருந்த கோரையால் பெண்டாட்டி பிழைக்கிறாள்.

திரைக்கதை எழுதிய கார்ல் மாயரும் முர்னாவும் அந்த வேலைக்காரியைப் பட்டணத்துப் பெண்ணாக மாற்றினார்கள், புருஷனைப் பிழைக்கவைத்தார்கள். ஆக ஊர்-பட்டணம் என்ற எதிரெதிர் நிறுத்தலே படத்துக்காகச் சேர்த்ததுதான். சேர்த்தவர்கள் பட்டணத்தைத் திட்டுவதற்காக மட்டும் சேர்த்திருந்தால் அவ்வளவு பெரிய பட்டணத்தை அவ்வளவு ஆசையாகக் கட்டியிருப்பார்களா என்பதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் ஃபாக்ஸ் பட நிறுவனத்தை நடத்திய வில்லியம் ஃபாக்ஸ் முர்னாவை ஜெர்மனியிலிருந்து வரவழைத்து, வேண்டியதைச் செய்துகொள் என்று பணத்தைக் கொடுத்தார். அந்தப் பட்டணம் முழுக்க செட். தூரத்துக் கட்டடங்களைச் சின்னதாகக் கட்டி, தூரத்தில் நடக்கிறவர்களாக உயரம் குறைந்தவர்களையும் குழந்தைகளையும் நடக்கவிட்டு, தெரு இன்னும் நீளமாகத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். அடுத்த தடவை பார்க்கும்போது அந்த ஹோட்டல் ஜன்னல், கண்ணாடிக் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள், எங்கே திரும்பினாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜனங்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஊரை எடுத்திருக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். புருஷன் நிலா வெளிச்சத்தில் சதுப்புக்குள் அவளைத் தேடிப் போகும் காட்சியில் கேமரா அவன் பின்னாலேயே போகிறது, வேலியைத் தாண்டுகிறது, பிறகு அவனை விட்டுவிட்டு தானாகவே கிளைகளை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பெண் முன்னால் நிற்கிறது, அவனுக்கு முன்பே! செட்டின் கூரையில் தண்டவாளம் அமைத்து அதில் கேமராவைத் தொங்கவிட்டு எடுத்த காட்சி அது. சார்லஸ் ரோஷரும் கார்ல் ஸ்ட்ரஸும் ஒளிப்பதிவு. ஊர்க்காட்சிகள் முழுக்க இருட்டும் பனியும்தான், வெளிச்சம் தெரிவதே பட்டணத்தில்தான். 'தூய்மையான கிராமம்' என்று எழுதுகிறவர்கள் இதைப் பார்க்கவில்லையா என்று தெரியவில்லை.

படம் வெளியானது 1927 செப்டம்பர் 23. பேசும்படத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட 'தி ஜாஸ் சிங்கர்' அதற்கு இரண்டே வாரம் கழித்து வந்தது. பேச்சு வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். 'சன்ரைஸ்' முழு ஊமையும் இல்லை, இசையையும் மணி, ஹாரன் சத்தங்களையும் மூவிடோன் முறையில் ஃபிலிமிலேயே பதிந்திருந்தார்கள், நீங்கள் கேட்ட ஹாரன் சத்தம் அந்தக் காலத்திலேயே இருந்ததுதான். 1929 மே மாதம் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் மூன்று விருது. ஒளிப்பதிவுக்கு ஒன்று, பெண்டாட்டியாக நடித்த ஜேனட் கேனருக்கு ஒன்று (அவருக்கு இதையும் வேறு இரண்டு படங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள்), தனித்தன்மையும் கலைத்தரமும் உள்ள படம் என்று ஒன்று. அந்தக் கடைசி விருதை அந்த ஒரு வருஷத்தோடு நிறுத்திவிட்டார்கள். முர்னாவ் 1931-ல் கார் விபத்தில் இறந்துபோனார், 42 வயதுதான். 1937-ல் ஃபாக்ஸ் கிடங்கில் பிடித்த தீயில் இந்தப் படத்தின் மூல நெகடிவும் போய்விட்டது, நாம் பார்ப்பது பிழைத்துக் கிடந்த பிரதிகளிலிருந்து எடுத்தது. 2012-ல் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை உலகம் முழுக்க விமர்சகர்களிடம் கேட்டு வெளியிட்ட பட்டியலில் இதற்கு ஐந்தாவது இடம்.

நம் படங்கள் கேட்டீர்கள். 1972-ல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' உடனே ஞாபகத்துக்கு வருகிறது, சிவாஜியும் ஜெயலலிதாவும், பி. மாதவன் இயக்கம். அதில் சோழவந்தான்காரர் மனைவியின் பட்டணத்துப் பழக்கத்தை மாற்றவேண்டியிருக்கிறது, மாற வேண்டியவள் அவள் மட்டும்தான். 1977-ல் '16 வயதினிலே', அதில் வெளியூரிலிருந்து வரும் டாக்டர் கதாநாயகி மயிலை ஏமாற்றுகிறார். இரண்டிலும் பட்டணம் ஒரு ஆள் உருவத்தில் ஊருக்குள் வருகிறது, ஊர்க்காரர்கள் சேர்ந்து பட்டணம் போய்ப் பார்க்கும் சந்தோஷம் அதில் இல்லை. கடற்கரை வேண்டுமென்றால் 1986-ல் வந்த 'கடலோரக் கவிதைகள்', ஊருக்கு வரும் டீச்சரால் ஒரு முரடன் மாறுகிறான். 'சன்ரைஸ்' மாதிரி இரண்டு பக்கமும் போய்வருகிற படம் தமிழில் எனக்குத் தெரிந்து குறைவு. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், தேடிப் பார்க்கிறேன்.

---

உச்சிப்புளி:

நீங்கள் எல்லோரும் ஒளிப்பதிவும் நீரோட்டமும் பேசுகிறீர்கள். எனக்கு ஒன்று கேட்க வேண்டும். கொல்லப் பார்த்தவனை அரை நாளில் மன்னிக்க முடியுமா?

காலையில் கழுத்துக்கு நேராகக் கையைக் கொண்டுவந்தான். மத்தியானம் ஒரு ஹோட்டலில் கேக் வாங்கிக் கொடுக்கிறான். அவள் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு விழுங்க முடியாமல் அழுகிறாள். அதுவரைக்கும் எனக்குச் சரிதான். அந்த அழுகையை நான் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி வாயில் பலகாரத்தோடு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், புருஷன் குடித்துவிட்டு மண்ணெண்ணெயை எடுத்தான், மறுநாள் அல்வா வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பெரியவர்கள் எல்லோரும் "அதான் வந்துட்டான்ல, சாப்பிடு" என்றார்கள். அவளும் சாப்பிட்டாள். அந்த வாயைப் பார்த்தவள் நான்.

அதனால் சாயங்காலம் அவர்கள் பன்றிக்குட்டியைத் துரத்துவதும், எல்லோரும் சுற்றி நிற்க நாட்டுப்புற ஆட்டம் ஆடுவதும் என்னால் சிரித்துக்கொண்டு பார்க்க முடியவில்லை. ஜேனட் கேனர் நன்றாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அவர் முகம் அவ்வளவு அழகாக மன்னிப்பதால் நாமும் மன்னித்துவிடுகிறோம், அது எனக்குச் சரியாகப் படவில்லை. பாம்பன்காரி அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கை பிடித்தது வேறு, இவன் கை பிடித்தது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

காசிமேட்டிலிருந்து மூக்கையூர்:

உச்சிப்புளி அக்கா கேட்டது நியாயமான கேள்வி, எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. நான் வேறு ஒருத்தியைப் பற்றிக் கேட்க வந்தேன்.

இந்தப் படத்தில் யாருக்குமே பெயர் கிடையாது. புருஷன், பெண்டாட்டி, பட்டணத்துப் பெண், அவ்வளவுதான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பெயர் இல்லாதது அழகாக இருக்கிறது, எந்த ஊருக்கும் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பட்டணத்துப் பெண்ணுக்கு வீடு இல்லை, அம்மா அப்பா இல்லை, ஏன் வாரக்கணக்கில் அந்த ஊரிலேயே கிடக்கிறாள் என்பதற்குக் காரணமும் இல்லை. சிகரெட், கருப்புச் சட்டை, குட்டை முடி, அவ்வளவு போதும் அவள் கெட்டவள் என்று காட்ட. கடைசியில் விடிந்ததும் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அவளும் கொலைக்கு வழி சொன்னவள், நான் அவளுக்காகப் பேசவில்லை. அவளைக் காட்டிய விதத்தைச் சொல்கிறேன்.

நான் சென்னைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது, இறால் ஏற்றுமதி செய்யும் இடத்தில் கணக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வருவேன். முடி வெட்டியிருக்கிறேன், சுடிதார் போடுகிறேன். போன தடவை என்னோடு படித்தவனிடம், பஸ் ஸ்டாண்டில், எல்லோரும் பார்க்க ஐந்து நிமிஷம் நின்று பேசினேன். ராத்திரிக்குள் அவன் பெண்டாட்டி காதுக்குப் போய், மறுநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை, என் முடியைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், போய்விட்டாள். அந்தப் பார்வையை இந்தப் படத்தில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே விசில் சத்தம் கேட்டதும் பெண்டாட்டி முகம் எப்படி மாறுகிறதோ அப்படி.

ஒரு பட்டணத்தையே அவ்வளவு ஆசையாகக் கட்டிய முர்னாவ், அந்தப் பட்டணத்திலிருந்து வந்த ஒருத்திக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம். படம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மூன்று தடவை பார்த்துவிட்டேன், அதனால்தான் இது உறுத்துகிறது.

---

பாம்பன்காரி:

இவ்வளவு பேர் இவ்வளவு மனம்விட்டு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

வடகடல் அண்ணே, உங்கள் சித்தப்பாவைப் பற்றிப் படித்ததை அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். அத்தையின் அம்மாவும் தனுஷ்கோடிதான். நீங்கள் சொன்ன பிறகு அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொன்னார். கிழவர் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார் என்று பார்க்க வேண்டுமாம். படத்தில் அது தெளிவாகத் தெரியவில்லை. "காத்து ஒரு பக்கம் அடிச்சா கோரை அந்தப் பக்கம் போகும், ஆளு அப்படிப் போக மாட்டாங்க, ஆளு பாதி தண்ணிக்குள்ள இருக்காங்க, அவங்களைத் தண்ணிதான் இழுக்கும்" என்றார். கோரை மிதந்து வந்த இடத்தில் தேடியவர்கள் அதனால்தான் ஏமாந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாசி எடுக்கப் போகும்போது தெர்மாகோல் தெப்பம் ஒரு பக்கம் போகும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண் ஒரு பக்கம் போவாள், அந்தக் கணக்கு அத்தைக்குத் தெரியும்.

உச்சிப்புளி, நீங்கள் சொன்னது இரண்டு நாளாக மனதிலேயே இருக்கிறது. கை பிடித்ததையும் அதையும் ஒன்றாக வைத்துப் பேசியது என் தப்புதான். ஆனால் ஒன்று கவனித்தேன். சர்ச்சில் மன்னிப்புக் கிடைத்த பிறகும் அவளுக்குப் பயம் முழுக்கப் போகவில்லை. சலூனில் அவன் முகம் மழிக்கும்போது வேறொருவன் அவளிடம் வம்பு செய்கிறான், இவன் எழுந்து போய்க் கத்தியை எடுக்கிறான், அவன் கோட்டில் இருந்த பூவை மட்டும்தான் வெட்டுகிறான், அதற்குள் அவள் முகம் காலையில் படகில் இருந்த முகமாகிவிடுகிறது. மன்னித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று படம் சொல்லவில்லை என்று அதனால் நினைக்கிறேன். உங்கள் சொந்தக்காரப் பெண் இப்போது எப்படி இருக்கிறார்? சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூக்கையூர் தங்கச்சி, நீ எழுதியதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. எங்கள் தெருவில் சென்னையிலிருந்து வந்து போகும் ஒரு பெண்ணை நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், செருப்பு வரைக்கும். அடுத்த தடவை அவள் வந்தால் வீட்டுக்குள் கூப்பிட்டு ஒரு டீ கொடுப்பேன். நீ திருவிழாவுக்கு வரும்போது பாம்பனில் இறங்கு, மீன் குழம்பு வைத்துத் தருகிறேன்.

கீழக்கரை தம்பி, மூலக்கதை விவரத்துக்கு ரொம்ப நன்றி. அதில் புருஷன் செத்துப்போகிறான் என்று சொன்னதும் அத்தை, "அது சரியான கதை" என்றார். எனக்குப் படத்தின் முடிவுதான் பிடித்திருக்கிறது, எங்கள் வீட்டில் இதைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

வீட்டுக்காரர் முதல் தடவை பாதியில் தூங்கிவிட்டார். இரண்டாவது தடவை நான் தனியாகப் பார்க்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அந்தத் தெரு புல்வெளியாகும் இடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. நேற்று வலையைச் சுருட்டி வைத்துவிட்டு வந்து, தடைக்காலம் முடிவதற்குள் மதுரைக்கு ஒரு தடவை போய்வரலாமா என்று கேட்டார். ஜவுளி எடுக்கவா என்று கேட்டேன். எடுக்க ஒன்றும் இல்லை, சும்மா போய்விட்டு வரலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் போகிறோம்.